காளைக்குப் பார்க்கிறோம், பையனுக்குப் பார்ப்பதில்லை

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். பொலிகாளை தேடி வந்தவராக இருந்தால் வாலை ஒதுக்கிவிட்டுப் பின்னால் குந்தி, இரண்டு விதைகளையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். ஒன்று சிறுத்திருந்தாலோ மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தாலோ, துண்டுக்குள் தரகர் பிடித்திருந்த விரலை உருவிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும் நிற்பார்கள். யாருக்கும் கூச்சம் கிடையாது.

அதே மனிதரின் வீட்டில் பதினாறு வயதுப் பையன் இருப்பான். அவனுக்கு இரண்டும் இறங்கியிருக்கின்றனவா, வயதுக்கேற்ப வளர்ந்திருக்கின்றனவா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவனுக்குக் கல்யாணமாகி நான்கைந்து ஆண்டுகள் குழந்தை இல்லாமல், மருமகளை மூன்று மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போய், கருக்குழாய்ப் படம் வரை எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், “அவரையும் ஒருமுறை பார்த்துவிடலாமா?” என்று மருத்துவர் தயங்கிக் கேட்பார். விதை மிகச் சிறியது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களில் இப்படித்தான் நடந்தது. இரண்டிலும் அதுவரை மலடி என்ற சொல்லைச் சுமந்தது பெண்தான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிப் பாடநூலில் இதற்கு விந்தகம் என்று பெயர். பெரியவர்கள் விரை என்பார்கள். வசையாக மட்டுமே ஊரில் புழங்கும் இன்னொரு சொல்லும் உண்டு. நான் விதை என்றே எழுதுகிறேன். அது செய்யும் வேலையைச் சொல்லும் சொல் அதுதான்.

எது சிறியது? வளர்ந்த ஆணின் விதை பெரும்பாலும் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கொள்ளளவில் 15 முதல் 25 மில்லி. காடை முட்டை ஏறத்தாழ 10 மில்லி. அதைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 12 மில்லிக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும் என்று மருத்துவர்கள் நினைப்பார்கள். 4 மில்லி என்பது சின்ன நாவற்பழம் அளவு. பையன் பருவமடையத் தொடங்கிவிட்டான் என்பதற்கான முதல் அடையாளம் அந்த அளவுதான். மீசையும் குரல் உடைவதும் அதற்குப் பிறகு வருபவை. ஆந்திரேயா பிராடர் என்ற சுவிஸ் மருத்துவர் 1966-இல் இதை அளக்க ஒரு மணிமாலை செய்தார். 1 மில்லி முதல் 25 மில்லி வரை, சிறிதிலிருந்து பெரிதாக முட்டை வடிவ மணிகள் கோத்த மாலை. ஒரு கையில் மாலை, மறு கையில் விதை. எந்த மணியோடு ஒத்துப்போகிறதோ அதுதான் அளவு. ஸ்கேன் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரின் மேசையில் அந்த மாலை கிடக்கும்.

இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று சற்றுத் தாழ்ந்து தொங்குவதும் இயல்புதான். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குண்டான பையனைக் கூட்டிக்கொண்டு வந்து “வளரவே இல்லை, டாக்டர்” என்று தாய் கண்கலங்கினால், அவர் சொல்வது பெரும்பாலும் ஆணுறுப்பைப் பற்றித்தான். அது வளராமல் இல்லை. அடிவயிற்றுக் கொழுப்புக்குள் புதைந்திருக்கிறது. மருத்துவர் கொழுப்பை அழுத்திவிட்டு அளந்து பார்த்தால் சரியாகவே இருக்கும். கணக்கில் வருவது விதையின் அளவு.

ஏன் அந்த அளவுக்கு இவ்வளவு மதிப்பு? விதைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நூல்போன்ற நுண்குழாய்களில் விந்தணு உற்பத்தி. மற்றொன்று, அந்தக் குழாய்களுக்கு நடுவே இருக்கும் அணுக்களில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பு. விதையின் பருமனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தக் குழாய்கள்தாம். எனவே விதை சிறுத்திருக்கிறது என்றால் முதலில் அடிபட்டிருப்பது விந்தணுதான், ஹார்மோன் தப்பித்திருக்கலாம். மீசை, தாடி, குரல், தாம்பத்தியம் எல்லாம் சரியாக இருக்கிற ஒருவருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லாமல் இருப்பது இதனால்தான். “எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவளைப் பாருங்கள்” என்று சொல்லும் கணவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பாதி சரியாகத்தான் இருக்கிறது.

காரணம் இரண்டு இடங்களில் இருக்கலாம். கிருஷ்ணகிரி அணையின் மதகைத் திறக்காவிட்டால் கடைமடை வயல் காயும். தண்ணீர் வந்தும் நிலம் களராக இருந்தால் அப்போதும் பயிர் காயும். காய்ந்த பயிரைப் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. வாய்க்காலைப் பார்க்க வேண்டும். இங்கே வாய்க்கால் என்பது இரத்தம். தலையில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விதையை வேலை வாங்குகிறது. இரத்தத்தில் அவை அதிகமாக இருந்தால் மேலிருந்து உத்தரவு வந்தும் விதையால் முடியவில்லை என்று பொருள். குறைவாக இருந்தால் கோளாறு தலையில். சில நூறு ரூபாய்ச் சோதனை இந்தக் கேள்வியைப் பாதி தீர்த்துவிடும்.

நிலமே பழுதாகிற வகையில் பிறவியிலேயே வருவது கிளைன்ஃபெல்டர் குறைபாடு. அமெரிக்க மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942-இல் இதை விவரித்தார். காரணம் தெரிய 1959 வரை ஆனது: ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றும் ஒய் குரோமோசோம் ஒன்றும் இருக்க வேண்டிய இடத்தில், இவர்களுக்கு எக்ஸ் இரண்டும் ஒய் ஒன்றும். 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து சுமார் 34 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்றே கூடுதலாக ஆண்கள் என்றால், குறைத்துக் கணக்கிட்டாலும் 1,700 பேருக்கு இது இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. உலகெங்கும் அப்படித்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? பலருக்கு எதுவுமே தெரியாது. சிலர் குடும்பத்தில் எல்லாரையும்விட உயரமாக, கால் நீண்டு இருப்பார்கள். சிலருக்கு மார்பு சற்று எடுப்பாக இருக்கும். பையன் சட்டையைக் கழற்றாமலே கிணற்றில் குதிப்பான். சிறு வயதில் பேச்சோ வாசிப்போ தாமதப்பட்டிருக்கலாம். அறிவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். விதை மட்டும் நாவற்பழ அளவில், கெட்டியாக இருக்கும். பருவம் தொடங்கும்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டுப் பிறகு உள்ளே நார் பாய்ந்து இறுகிவிடும்.

“சொந்தத்தில் கட்டினதால் வந்தது” என்று நம் பக்கத்தில் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மாமன் மகளைக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு வரும் சில நோய்கள் உண்டு. இது அதில் சேராது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் நேரும் பிசகு இது. யாருடைய குற்றமும் இல்லை. குரோமோசோம் சோதனைக்கு இரத்த மாதிரி பெரும்பாலும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் அதை மருந்தாகக் கொடுப்பார்கள். எலும்பும் தசையும் காப்பாற்றப்படும். விந்தில் அணுவே இல்லாவிட்டாலும், நுண்நோக்கியின் கீழ் விதையைத் திறந்து தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அங்கங்கே சில விந்தணுக்கள் கிடைக்கின்றன. அதை வைத்துச் சோதனைக்குழாய் முறையில் தகப்பனானவர்கள் உண்டு. செலவு அதிகம், எல்லாராலும் முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி மதகு திறக்காத வகை. கருவில் இருக்கும்போது, பருவத்தைத் தொடங்கி வைக்கும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்போடு சேர்ந்து மூளைக்கு நடந்து போகின்றன. அந்தப் பயணம் தடைபட்டால் இரண்டும் கெடும்: பருவமும் வராது, மணமும் தெரியாது. 1944-இல் இதை விவரித்தவர் பெயரால் கால்மன் குறைபாடு என்பார்கள். மல்லித் தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் மீசை முளைக்காமல் இருக்கிறான், பூ மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்தும் மணம் தெரியவில்லை என்கிறான் என்றால், அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் அந்த நிமிடமே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். கேட்டால்தான் பையன் சொல்வான். பிறந்ததிலிருந்து இல்லாத ஒன்றை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இந்த வகையில் ஒரு நல்ல செய்தி உண்டு. நிலம் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் விட்டால் போதும். ஹார்மோன் ஊசிகளைப் பல மாதங்கள் போட்டால் விதை வளரும். பலருக்கு விந்தணுவும் வரும்.

இரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத பிறவி நோயான தலசீமியாவும் இந்த வரிசையில் வருவதுதான். நம் இரண்டு மாவட்டங்களின் மருத்துவர்களுக்கு நன்கு பழகிய நோய் அது. இங்கே சொந்தத் திருமணத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைக்கு ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இதயத்திலும் கல்லீரலிலும் படிவதுபோலப் பிட்யூட்டரியிலும் படியும். பையன் பதினைந்து வயதிலும் பத்து வயதுப் பையன்போல இருப்பதற்கு அதுதான் காரணம். இரும்பை வெளியேற்றும் மருந்தை விடாமல் கொடுத்தால் இதைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தடுக்கவே செய்யலாம். பிட்யூட்டரியில் கட்டி வந்தாலும் இதே கதைதான். தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை குறைவதும் கூட இருந்தால் தாமதிக்கக் கூடாது.

நன்றாக வளர்ந்த விதை பிறகு சுருங்குவது வேறு. இங்கே காளையை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. ஏர்மாட்டுக்குக் காயடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விதையை யாரும் வெட்டி எடுப்பதில்லை. மேலே இருக்கும் கயிறுபோன்ற தண்டை இடுக்கியால் நசுக்கிவிடுவார்கள். அதற்குள் ஓடும் இரத்தக் குழாய் அடைபடும். ஒரு வாரம் வீங்கும், பிறகு வற்றும், சில வாரங்களில் பையில் ஒன்றுமில்லாததுபோல் ஆகிவிடும்.

பையனுக்குள் இதே வேலையை அவன் விதையே செய்துகொள்வதுதான் விதை முறுக்கம். தண்டு தானாகத் திருகிக்கொள்ளும், இரத்தம் நிற்கும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள்தான் அதிகம். பெரும்பாலும் விடியற்காலையில், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாந்தியும் வரும். பையன் வெட்கப்பட்டு “வயிறு வலிக்கிறது” என்பான். வீட்டில் சோடா கொடுப்பார்கள். சூடு பிடித்துக்கொண்டது என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். இருப்பது ஆறு மணி நேரம். அதற்குள் அறுவை செய்து திருகலை அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பிழைப்பது அரிது. அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து பஸ் பிடித்து மாவட்ட மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள், மீதி எவ்வளவு என்று தெரியும். 108-ஐ அழைக்க வேண்டிய வலி இது. இன்னொன்று: இரண்டு மூன்று நாளில் வலி தானாக அடங்கிவிடும். வீட்டார் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். உணர்வுள்ள திசு செத்துப்போனதால் அடங்கிய வலி அது. ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம் சுருங்கிக் கிடக்கும். மற்றது நன்றாக இருந்தால் அந்த ஒன்றே குழந்தைக்கும் ஆண்மைக்கும் போதும். ஆனால் அதுவும் திருகாமல் இருக்கத் தைத்துவிட வேண்டும்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது நம் வழக்கம். போடட்டும், அதனால் கெடுதல் இல்லை. பருவமடைந்த பிறகு அது வந்தால் மட்டும் கழுத்தோடு நின்றுவிடாது. அப்படி வந்த ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு, கன்னம் வீங்கிச் சில நாளில் விதையும் வீங்குகிறது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த விதை பிறகு ஓரளவு சுருங்குகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் என்பதால் முழு மலட்டுத்தன்மை அரிது. அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இதைப் பல பெற்றோர்கள் அறியவில்லை. எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேரிகோசீல் என்பது விதைக்கு மேலே சிரைகள் புடைத்துக்கொள்வது. நூற்றில் பதினைந்து ஆண்களுக்கு இது உண்டு. பெரும்பாலும் இடப்பக்கம், ஏனென்றால் இடச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. நின்றுகொண்டு தொட்டால் பைக்குள் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் இருக்கும். வெப்பம் ஏறி விதை மெல்லச் சிறுக்கலாம். பலருக்கு எந்தத் தொல்லையும் தராது. எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டியதில்லை. வளரும் பையனுக்கு ஒரு பக்கம் தெளிவாகப் பின்தங்கினால்தான் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். காசநோய், தொழுநோய், புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்வீச்சும், ஹெர்னியா அறுவையில் இரத்தக் குழாய் அடிபடுவது, அடிபட்ட காயம் என்று மற்ற காரணங்களும் இருக்கின்றன. பல ஆண்டுக் குடியும் கல்லீரலோடு சேர்த்து விதையையும் சுருக்கும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது உடற்பயிற்சிக் கூடங்களில் போடும் ஊசி. ஓசூர்ப் பக்கம் ஷிஃப்ட் முடிந்து கூடத்துக்குப் போகும் இளைஞர்களிடம் பேசிப் பாருங்கள். “தம்பி, உடம்பு ஏற வேண்டுமென்றால் ஊசி போட்டுக்கொள்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது டெஸ்டோஸ்டிரோன் அல்லது அதன் உறவு. இரத்தத்தில் ஹார்மோன் நிறைந்துவிட்டதைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விதைக்குள் இயல்பாக இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. விந்தணு நின்றுபோகும், விதை சுருங்கும். கை பருத்த இளைஞனின் விதை பதின்மூன்று வயதுப் பையனுடையதுபோல் ஆகிவிடும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். குழந்தை இல்லை என்று வந்தவருக்கே “பலவீனம்” என்று இந்த ஊசியைப் போட்டுவிடும் இடங்களும் உண்டு. காய்கிற பயிருக்கு மதகை அடைப்பது போன்ற வைத்தியம் அது.

தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல் வருவதற்கு முன்பு நம் ஊர்க் கிணறுகள் பல்லையும் எலும்பையும் கெடுத்தது உண்மை. விதையைச் சுருக்கியது என்று மனிதர்களிடம் நிறுவப்படவில்லை. பூச்சிமருந்து விஷயத்தில் எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியா ஆலையில், தங்களில் பலருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்கள் 1977-இல் தாங்களே பேசிக் கண்டுபிடித்தார்கள். சோதித்ததில் பலருக்கு விந்தணு இல்லை. அந்த மருந்து இன்று புழக்கத்தில் இல்லை. இருந்தாலும் ரோஜாக் கூடாரத்துக்குள் முகமூடியும் கையுறையும் இல்லாமல் மருந்தடிப்பவரைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆலைதான் நினைவுக்கு வருகிறது.

பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் லாட்ஜ் அறை எண்ணோடு ஒட்டியிருக்கும் வைத்தியர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுருங்கிய விதையைப் பெரிதாக்கும் லேகியமோ எண்ணெயோ கிடையாது. அந்தப் பணத்துக்கு ஒரு விந்துச் சோதனை, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு, எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஒரு ஸ்கேன் எல்லாம் முடிந்துவிடும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒரு விதையில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் மட்டும் இந்த வரிசைக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். சுருங்கிய விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

மிக எளிதில் தடுக்கக்கூடிய காரணத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். விதை கருவில் வயிற்றுக்குள் உருவாகிப் பிறப்பதற்கு முன் பைக்கு இறங்குகிறது. உடம்பைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியான இடம் அதற்கு வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு ஒன்றாவது இறங்குவதில்லை; குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் பல மடங்கு. பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு இறங்குவது அரிது. அப்படியே விட்டால் உள்வெப்பத்தில் அது வளராமல் நின்றுவிடும். ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து கீழே இறக்கி வைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் பாட்டி முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, எண்ணெய் தேய்த்த குழந்தையை அதன்மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றுவார். மூக்கைப் பிடித்து நீவுவார், தலையை உருட்டுவார், கைகாலை மடக்கி நீட்டுவார். குளிரில் விதை மேலே ஏறிக்கொள்ளும். வெந்நீரில் பை தளர்ந்து கீழே வரும். எனவே பார்ப்பதற்குச் சரியான நேரமும் அந்த நேரம்தான். பாட்டி அந்தக் கையாலேயே இரண்டும் தட்டுப்படுகின்றனவா என்று பார்த்துவிடலாம். வெந்நீரில் வந்துவிட்டுக் குளிரில் மறைந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டாம், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது சொன்னால் போதும். வெந்நீரிலும் ஒன்று தட்டுப்படவில்லை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது என்றால், அந்த வாரமே குழந்தைகளுக்கான அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.